மலையடிவாரச் சாலையைச் சைக்கிளுக்கும் விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி செல்லும் சாலையை அகலப்படுத்த வேண்டும், வளைவுகளை நேராக்க வேண்டும், இடைஞ்சலாக நிற்கும் மரங்களை அகற்ற வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். கார் ஓட்டுபவர் என்று அவர் எழுத்திலிருந்தே தெரிகிறது. குடும்பத்தோடு குற்றாலம் போகிறவருக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்புதான். அதே சாலையில் நெடுங்காலமாகச் சைக்கிள் மிதித்து வருகிறவன் என்ற முறையில் நானும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாங்கள் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

நான் விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் ரிங் பிரேம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி மலையடியில் அந்த ஆலையைக் கட்டினார்கள். அதன் பிறகு எங்கள் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக சைக்கிள்தான் வேலைக்குப் போகும் வாகனம். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் சைக்கிள்கள் கிளம்பிவிடும். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது எல்லார் தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். டயரில் டைனமோ உரசும் சத்தத்தோடு இரண்டு இரண்டு பேராக இணைந்து வருவோம். மகள் கல்யாணச் செலவிலிருந்து போனஸ் பேச்சுவார்த்தை வரை வீடு வருவதற்குள் பேசித் தீர்த்துவிடலாம். இன்றைக்கு அதே சாலையில் இரண்டு சைக்கிள் இணையாகப் போக வழியில்லை. ஒரு சைக்கிள் போவதே பெரும்பாடாக இருக்கிறது.

வேலை நின்ற பிறகும் நான் சைக்கிளை விடவில்லை. நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்படுவேன். இருட்டோடு போனால் அடிவாரத்தில் கரடியும் காட்டுப்பன்றியும் எதிர்ப்படும். பாபநாசம் போய், அங்கிருந்து ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி என்று போவேன். அதற்கு மேல் மேற்கே திரும்பிச் சிவசைலம், கடனா அணை. தங்கள் நாளிதழில் தினமும் வரும் அணை நிலவரத்தில் முழு உயரம் கடனா 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி என்று வரிசையாகப் படிக்கிறோம். அந்தக் கடனா அணைக்கரை வரை சைக்கிளிலேயே போய் வரலாம் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

ஆழ்வார்குறிச்சியில் நின்று பார்த்தால் பொதிகை மலை நீலமாகத் தெரியும். சிவசைலத்தை நெருங்க நெருங்க நீலம் போய், பாறை வேறு, புல்வெளி வேறு, காட்டு மரம் வேறு என்று பிரிந்து தெரியத் தொடங்கும். முந்தின இரவு மேலே மழை பெய்திருந்தால் பாறையில் வெள்ளிக்கோடாகத் தண்ணீர் இறங்குவதைக் காணலாம். தை மாதத்தில் பிசானப் பருவத்து நெல் கதிர் வாங்கி நிற்கும்போது, இரண்டு பக்கமும் பச்சையாக வயல், நடுவில் தார்ச்சாலை, எதிரே மலை. மடையில் தண்ணீர் விழும் சத்தமும் செயின் ஓடும் சத்தமும் தவிர வேறொன்றும் காதில் விழாது. பாரதியார் சிறையிலிருந்து வெளிவந்து 1918 முதல் 1920 வரை செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். இந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் அவரும் இருந்திருப்பார் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஆனி, ஆடியில் நிலைமை வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முகத்தில் அறையும். தென்காசியை நோக்கி மிதிக்கும்போது இறக்கத்தில்கூடப் பெடலை விடாமல் மிதிக்க வேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் சேர்த்துவிடும். ஆகவே ஆடி மாதத்தில் காலையில் மேற்கே, வெயில் ஏறுவதற்குள் கிழக்கே என்பது என் வழக்கம். புதிதாகச் சைக்கிள் எடுக்கும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லுவேன். ஆடி அமாவாசையை ஒட்டிய நாள்களில் மட்டும் பாபநாசம் பக்கம் போகாதீர்கள் என்றும் சொல்லுவேன். அது சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிற சனங்களின் சாலை.

இங்கே தேனி மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் இளைய மகளை உத்தமபாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சம்பந்திக்கு ஆனைமலையன்பட்டி பக்கம் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அங்கே போனால் அவருடைய பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு இராயப்பன்பட்டி வழியாகச் சண்முகாநதி அணை வரை போய் வருவேன். அதுவும் நம்முடையதைப் போல மலையடிவாரம்தான். மேகமலைத் தொடர் ஓரமாகவே வரும். சாலைக்கு இரு புறமும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடி படரவிட்டிருப்பார்கள். கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்த தோட்டம் மொட்டையாக நிற்கும். அதற்கு அடுத்த தோட்டத்தில் பிஞ்சு பிடித்திருக்கும். அதற்கும் அடுத்ததில் பழம் கறுத்துத் தொங்கும். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை என்பதால் வருடம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஒரு நாள் காலையில் சம்பந்தி என்னைப் பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். நிமிர்ந்து நடக்க முடியவில்லை, குலைகள் தலையில் இடித்தன. பெண்கள் சின்னக் கத்தரிக்கோலால் காம்பை நறுக்கி, குலையைக் காம்பைப் பிடித்தே தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள். பழத்தை யாரும் விரலால் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். சம்பந்தி ஒரே ஒரு பழத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். அதன் மேல் இருந்த வெண்மையான பூச்சு அழிந்து, தேய்த்த இடம் மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. அந்தப் பூச்சு போய்விட்டால் பழம் பழசு என்று நினைத்து வியாபாரி விலையைக் குறைப்பான் என்றார். பிறகு சாலையோரத்துக் குலைகளைக் காட்டினார். அவற்றின் மேல் செம்மண் தூசி படிந்திருந்தது. தூசியைத் துடைத்தால் பூச்சும் போகும், துடைக்காவிட்டால் அழுக்குப் பழம். “மச்சான், இந்த ரோட்டுல வண்டி மெதுவாப் போனா எனக்கு அது காசு” என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

சாலை அமைதியாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னால், பொழுதுபோகாத கிழவன் காற்று வாங்கப் போவதற்காகச் சொல்கிறான் என்று சிலர் நினைக்கக்கூடும். அதனால்தான் சம்பந்தியின் பேச்சை இவ்வளவு விரிவாக எழுதினேன். நம் பக்கம் திராட்சை கிடையாது. வாழை இருக்கிறது, காய்கறித் தோட்டம் இருக்கிறது. ஓரத்து வாழையில் அறுக்கும் இலையில் லாரித் தூசி அப்பியிருந்தால் அதை எந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் வாங்குவார்? பால் கேன் கட்டிக்கொண்டு வருகிறவர், கேரியரில் புல்லுக்கட்டு வைத்து வருகிற அம்மாள், மடை திறக்க மண்வெட்டியோடு போகிற விவசாயி என்று காலை நேரத்தில் இந்தச் சாலையில் வருகிற எல்லாருமே வேலையாகப் போகிறவர்கள்தான். மாசி, பங்குனியில் சாலை ஓரத்தில் நெல் காயப் போடுவார்கள், வைக்கோலும் பரப்புவார்கள். வைக்கோல் செயினில் சுற்றிக்கொண்டால் இறங்கி எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

குறை எங்கே என்றால், கல்லும் ஜல்லியும் எம்-சாண்ட் என்கிற செயற்கை மணலும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிற டாரஸ் என்ற கனரக லாரிகளில் இருக்கிறது. ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. பின்னால் வருகிறது என்பது முதலில் சத்தத்தில் தெரியாது, ஹேண்டில்பார் அதிர்வதில்தான் தெரியும். அது கடக்கும்போது காற்று சைக்கிளை முதலில் வெளியே தள்ளும், வால் பகுதி தாண்டும்போது உள்ளே இழுக்கும். அந்த ஒரு நொடியில் தடுமாறாமல் பிடிக்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான். தார்ப்பாய் மூடாமல் வரும் வண்டியிலிருந்து ஜல்லி உதிர்ந்து வளைவுகளில் கிடக்கும். சைக்கிளின் முன் சக்கரம் அதில் ஏறினால் வழுக்கிவிடும்.

சரி, ஒதுங்கிப் போகலாமே என்றால் ஒதுங்க இடமில்லை. இதைச் சாலை போடுகிற அதிகாரிகள் ஒரு தடவை சைக்கிளில் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும். பழைய தாருக்கு மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. ஓரத்து மண் அதே பழைய மட்டத்தில் இருக்கிறது. தார் முடிகிற இடத்தில் அரை அடிப் பள்ளம், சில இடங்களில் அதற்கும் மேல். காரின் சக்கரம் அதில் இறங்கி ஏறிவிடும். சைக்கிள் சக்கரம் இறங்கினால், மீண்டும் சாலையில் ஏற்றப் பார்க்கும்போது டயர் அந்த விளிம்பில் உரசி, ஆளைச் சாலைக்குள்ளேயே சாய்த்துவிடும். பின்னால் லாரி வருகிற சாலைக்குள். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டதைத் தங்கள் நாளிதழிலேயே படித்தேன். வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்து போகக் கூடாது என்பதற்காக அந்த உத்தரவு. அடிவாரச் சாலைகளிலும் அதைக் கறாராகப் பின்பற்றி, ஓரத்தில் கிராவல் மண் கொட்டி ரோலர் ஓட்டினால் போதும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

லாரி ஓட்டுநர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் எந்த மனிதனும் விரட்டத்தான் செய்வான். ஷிப்டுக்கு இத்தனை கிலோ நூல் என்று கணக்குப் பார்த்த இடத்தில் வேலை பார்த்தவன் நான், அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். எந்த வண்டி எந்தச் சாலையில், எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்கு நான்கு வழிச்சாலை போட்டார்கள். அதற்காக ஓரத்தில் நின்ற முதிய மரங்கள் போயின. வேகமாகப் போகிறவர்களுக்காக இவ்வளவையும் கொடுத்தாயிற்று. இனி வேகமாகப் போக வேண்டிய வண்டியும், பாரம் ஏற்றிய வண்டியும் அந்தச் சாலையில் போகட்டும். அடிவாரத்தை ஒட்டிய சாலைகளையும் அதே போல் ஆக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது? வளைவை நேராக்கினால் அங்கே வண்டி இன்னும் வேகமாக வரும். நிழல் தருகிற மருதமும் புளியும் போனால், பங்குனி வெயிலில் சைக்கிளில் வருகிறவன் எங்கே ஒதுங்குவான்?

என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது இன்னொரு விஷயம். எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அரசு கொடுத்த இலவச சைக்கிள் அவள் வீட்டுத் திண்ணையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நிற்கிறது. அவள் அப்பா கூலி வேலைக்குப் போகிறவர், மாதா மாதம் வேனுக்குப் பணம் கட்டுகிறார். ஏன் என்று கேட்டபோது, “அண்ணாச்சி, அந்த லாரிக்கு நடுவுல எப்படி விட முடியும்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் பேத்தியாக இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். ஒரு பக்கம் அரசு சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறது. இன்னொரு பக்கம் அதை ஓட்டுவதற்கு அதே அரசின் சாலையில் இடமில்லை. அந்த வயதில் ஒரு பெண் பிள்ளை தானாகவே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போய் வருவது எவ்வளவு பெரிய தைரியத்தைக் கொடுக்கும் என்பதை என் மகள்களிடம் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் சைக்கிளில் போய்ப் படித்தவர்கள்தான். அவர்கள் படித்த காலத்தில் இதே சாலை இதைவிடக் குறுகலாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டையிலிருந்து தலைக்கவசம் அணிந்த இளைஞர்கள் கியர் சைக்கிளில் கூட்டமாக வருகிறார்கள். டீக்கடையில் நின்று என்னோடு பேசுவார்கள். மணிமுத்தாறு அணை, பாபநாசம், அங்கிருந்து சிவசைலம் என்று சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். ரயிலில் சைக்கிளை எளிதாக ஏற்றிக் கல்லிடைக்குறிச்சியிலோ கீழ ஆம்பூரிலோ இறங்க வழி இருந்தால் இன்னும் பலர் வருவார்கள் என்று ஒரு பையன் சொன்னான், நல்ல யோசனை. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் கார்கள் வரிசையாக வந்து நிற்பதையும், படம் எடுப்பதற்காகச் செடிகளை மிதித்துவிட்டுப் போவதையும் பார்க்கிறோம். சைக்கிளில் வருகிறவர்கள் டீ குடிக்கிறார்கள், ஊர்ப் பெயர் கேட்கிறார்கள், ஆற்றில் குளித்துவிட்டுப் போகிறார்கள். ஊருக்கு வருகிறவர்கள் இப்படி வந்தால் நல்லது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் 6 மணியிலிருந்து 9 மணி வரையும், பள்ளி விடுகிற 4 மணியிலிருந்து 6 மணி வரையும் பாபநாசம், ஆழ்வார்குறிச்சி, கடையம் சாலைகளில் டாரஸ் லாரிகளை நிறுத்தி வைக்க வேண்டும். மற்ற நேரத்திலும் தார்ப்பாய் மூடாத வண்டியை விடக் கூடாது. சாலை ஓரத்தை மேலே சொன்னபடி மட்டம் செய்ய வேண்டும். கன்னடியன் கால்வாயின் கரையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி பக்கம் வரை சீமைக்கருவேலத்தை வெட்டி, பள்ளங்களை நிரப்பிக் கொடுத்தால், பள்ளிப் பிள்ளைகளுக்கு லாரியே வராத ஒரு வழி கிடைக்கும். நதியுண்ணிக் கால்வாய்க்கும் இதையே செய்யலாம். கரையில் தார் போட வேண்டாம். தார் போட்டால் மறுநாளே கார் வந்துவிடும். கெட்டியான செம்மண் போதும்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அம்பையும் பாபநாசமும் திருநெல்வேலி மாவட்டம், ஆழ்வார்குறிச்சியும் கடையமும் தென்காசி மாவட்டம். இங்கே மனுக் கொடுத்தால் அங்கே கேளுங்கள் என்கிறார்கள், அங்கே போனால் இங்கே கேளுங்கள் என்கிறார்கள். லாரி ஒரே நடையில் இரண்டு மாவட்டத்தையும் தாண்டிவிடுகிறது, மனு தாண்டுவதில்லை. இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நெடுஞ்சாலைத் துறையையும் காவல் துறையையும் நீர்வளத் துறையையும் அழைத்துப் பேசினால் இதற்கு ஒரு முடிவு கிடைக்கும். பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்துக்குள் நேரக் கட்டுப்பாட்டையாவது அறிவித்துவிட்டால், அந்தத் திண்ணைச் சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டு ஓட்டக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
அம்பாசமுத்திரம்.